மூணாவது பலகை

அய்ய, அது கீறல் இல்ல சார். தேக்குல சில எடத்துல ரேக அப்டித்தான் வளஞ்சி வரும். பயைய மரம் பாருங்க, நம்ம கைரேக மாரி அதுக்கும் ஒண்ணு கீது. இன்னா சார் சிரிக்கிறீங்க? சரி, எட்டு காலு கீது. ரெண்டு கொடுக்கும் கீது. ஒத்துக்கறேன், நண்டு தான். கண்ணாடி எடுத்துகினு வர மாட்டீங்கனு நெனச்சேன். நீங்க ரெண்டு கண்ணாடி எடுத்துகினு வந்துக்கீறீங்க.

மொதல்ல குந்துங்க சார். அந்த ஸ்டூலு வாணாம், அது மொஹ்சின் ஸ்டூலு, பேன்ட்டெல்லாம் கிரீஸ் ஆயிடும். இந்த மரத்து மேல குந்துங்க. மொஹ்சினு, கடைல நாலு டீ சொல்லு. சாருக்கு ஒண்ணு, டிரைவர் அண்ணனுக்கு ஒண்ணு, உனுக்கு, எனுக்கு. வாணாமா சார்? சக்கர இல்லாம போடுவான் சார், நம்ம பையன் தான். அதுவும் வாணாமா? சரி. மொஹ்சினு, மூணு டீ. டைம் இன்னா ஆச்சி சார்? மூணு அஞ்சா. சரி, சரி.

கெளம்புறதா? இப்பயேவா? வாணாம் சார், சொன்னா கேளுங்க. இந்த டைமுக்கு எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் வண்டிங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு நின்னுகினு கெடக்கும், ஹார்பர் கேட்டு வரிக்கும் லைனு. உங்க அம்பத்தி நாலாம் வருசத்து பிக்கப்பு வண்டிய அதுக்கு நடுவுல வுட்டீங்கனு வெய்யி, ரேடியேட்டரு கொதிச்சி பேஜாரா பூடும். நாலரைக்கு மேல ஃப்ரீ ஆயிடும், நிம்மதியா போவலாம். டிரைவர் அண்ணே, நீ வரசொல்ல எப்டி இருந்திச்சி? ஃப்ரீயா இருந்திச்சா? அது வர்றதுக்கு ஃப்ரீயா தான் இருக்கும். போறதுக்கு இருக்காது.

நாயித்துக்கெயம கண்காட்சினு தெரியும் சார். நூறு வண்டி நிக்கும், டார்ச் அடிச்சி, கீய படுத்துப் பாத்து மார்க் போடுவாங்கனு மொஹ்சின் எனுக்கு நூறு தபா சொல்லிட்டான். அதுக்கோசரம் தான எட்டு பலகையும் இப்டி கண்ணாடி மாரி எயச்சி வெச்சிக்கீறேன். ஒரு பலகைல, அதும் ஒரு ஓரத்துல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நண்டு. அத்த உப்புத்தாள் போட்டு நாலு இஸ்ப்பு இஸ்த்தா பூடும்னு சொல்றீங்க. இஸ்க்கலாம். நான் வாணாம்னு சொல்லல. ஆனா இன்னா ஆவும்னு கேட்டுக்கங்க. மூணு கோட்டு லின்சீட் ஆயில் உள்ள எறங்கி கீது. அந்த எடத்த மட்டும் தேச்சா அங்க மட்டும் வெள்ளயா பூடும். வெயில்ல போட்ட சட்டைல பாக்கெட்ட பிச்சா எப்டி இருக்கும், அது மாரி. அப்பால ஜட்ஜிங்க நண்ட பாக்க மாட்டாங்க, வெள்ளய தான் பாப்பாங்க. இன்னொண்ணு, ஆணி ஆயமா எறங்கி கீது. அவ்ளோ ஆயம் தேச்சா பலகைல பள்ளம் வுயும். பள்ளத்துல தண்ணி நிக்கும். தண்ணி நின்னா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும்.

ஓட்டயா? பாத்துட்டீங்களா அதயும். ஆமா, தண்ணி எறங்க எட்டு ஓட்ட, பலகைக்கு ஒண்ணு. ஏயு ஓட்ட நூல் புடிச்சாப்ல ஒரே நேருல கீது, மூணாவது பலகைல மட்டும் ரெண்டு இஞ்சி தள்ளி கீது. அங்க ஒரு கணு இருந்திச்சி சார். கணுல டிரில்லு வுட்டா மரம் பொளந்துக்கும். தள்ளிப் போட்டேன். கணு எங்கனு கேக்கறீங்களா? அது, ஆயிலு போட்டதுல மறஞ்சிக்கிச்சி.

அத்த வுடுங்க. இந்த வண்டி வந்தப்ப எப்டி இருந்திச்சினு நெனச்சிப் பாருங்க. பொன்னேரியாண்ட தென்னந்தோப்புல கோயி அடஞ்சிகினு இருந்த வண்டி. கட்டி இஸ்துகினு வந்தீங்க. பின்னாடி தொட்டில பலகைனு ஒண்ணும் இல்ல, காளான் தான் மொளச்சி கெடந்திச்சி. சீட்டுக்குக் கீய மொஹ்சின் ரெண்டு முட்ட எடுத்தான், தெரியுமா? அத்த உங்க கிட்ட சொல்லல. ஆம்லேட்டு போட்டுட்டோம்.

லாரி பாடி கட்றவங்க தகர ஷீட்டு அடிச்சி ஒரே நாள்ல குடுத்துடறேனு தான சொன்னாங்க. நீங்க தான் வாணாம்னீங்க. கம்பெனில எப்டி வந்திச்சோ அப்டி, எட்டு பலகை, நடுவுல ஏயு இரும்புப் பட்டை, மேல ஒரு ஆணித் தல கூட தெரியக் கூடாதுனீங்க. போன்ல போட்டோ காட்டுனீங்க. அப்ப மொஹ்சின் என்ன கூப்ட்டான். தோஸ்து, தகரம்னா நானு, மரம்னா நீ, வானு. எனுக்கு லாரியும் தெரியாது, காரும் தெரியாது. காசிமேட்டுல முப்பத்திரெண்டு வருசமா போட்டு கட்றவன் நான். ஹென்றி ஆசாரினு மரப்போட்டு வெச்சிகினு கீறவங்கள கேட்டா சொல்வாங்க. போட்டோவ பாத்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ரெண்டு நூல், கால் இஞ்சி, கேப்பு வுட்டுக்கீறான். மய தண்ணி எறங்கணும், மரம் ஊறுனா பொடைக்க எடம் வோணும், அதுக்கோசரம். மண்டைக்கு நல்லா புரிஞ்சிது.

கைக்கு புரியல சார். அதான் வெவகாரம்.

போட்டுல கேப்பு வுட்டா இன்னா ஆவும்? சாவு தான். முப்பத்திரெண்டு வருசமா கேப்ப பாத்தா இந்தக் கை இன்னா பண்ணும்? பஞ்ச திரிச்சி, உளிய வெச்சி, கொட்டாப்புளியால உள்ள அடிச்சி, மேல குங்கிலியமும் எண்ணையும் காச்சி ஊத்தும். நான் மொஹ்சின் கிட்ட பேசிகினே வேல செஞ்சிகினு கீறேன். பேச்சு சுவாரசியத்துல ஏயு கேப்பயும் அடச்சிட்டேன். நாலு பக்க மூலையயும் அடச்சிட்டேன். பின் டோருக்கு பயைய ட்யூப் ரப்பர வெட்டி சுத்தியும் வெச்சி டைட்டு பண்ணிட்டேன். அத்தயாவது எதுக்கு பண்ணேன்னு இன்னி வரிக்கும் எனுக்கு தெரியல.

அன்னிக்கி ராத்திரி மய. காலைல வந்து பாக்கறேன், தொட்டிய நாலு டிரம்மு மேல எறக்கி வெச்சிருந்தோம் இல்ல, விளிம்பு வரிக்கும் தண்ணி. ஒரு சொட்டு கீய எறங்கல. மொஹ்சின் அதுல மூஞ்சி கழுவிகினு கீறான். இன்னா ஹென்றி, இதுல ஜிலேபி மீனு வுடலாமானு கேக்கறான். இவன் ஒரு வாரத்துக்கு என்ன வுடல சார். வர்றவன் போறவன் கிட்டல்லாம், வாங்க, எங்க ஆளு வண்டிக்கு பலகை போட்டுக்கீறாரு, நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும் ஏறுங்கனு. கேளுங்க, இப்பயும் சிரிக்கிறான் பாருங்க.

நீங்களும் தான் போன்ல சிரிச்சீங்க. அப்பால, எட்டு ஓட்ட போட்டுருனு சொன்னீங்க. நாளிக்கி போட்டுடறேனு சொன்னேன். அந்த நாளிக்கி தான் புயல் வந்துகினு இருந்திச்சி. கரெண்டு இல்ல, டிரில்லு ஓடல. ரெண்டு நாளு.

அப்பால நீங்க கேட்டீங்க, ஞாபகம் கீதா? புயல் மயைல தொட்டி நனஞ்சிதா ஹென்றினு. நான், நனயல சார்னு சொன்னேன். அது பொய்யி இல்ல. மய படாம ஷெட்டுக்குள்ள தள்ளி வெச்சிருந்தோம், உள்ள ஒரு சொட்டு நனயல. வெளிய தான் நனஞ்சிது.

அது எப்டி வெளிய மட்டும் நனயும்னு பாக்கறீங்க. அத்த தான் சொல்லிகினு வர்றேன். குந்துங்க சார், எயுந்துக்காதீங்க. டைம் இன்னா? மூணே கால் தானா? உங்க வாட்ச்சு கரெக்டா ஓடுதா?

ரெண்டாவது நாள் காலைல, விடிஞ்சும் விடியாம, மொஹ்சின் வூட்டு கதவ தட்டுனேன். மாமு, அந்த தொட்டிய மீன்பாடி வண்டில ஏத்தணும், ஒரு கை குடுன்னேன். எங்க எத்துகினு போறனு கேட்டான். சடையங்குப்பம்னேன். ஊரான் வண்டிய எடுத்துகினு போறியே, ஓனர் கேட்டா இன்னா சொல்வனு கேட்டான். டெஸ்டிங்னு சொல்வேன்னேன். அவன் என் மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்தான். அப்பால செயின் ப்ளாக்க கைல வலிச்சி ஏத்திக் குடுத்தான். தப்பு தான் சார். உங்களுக்கு போன் போட்டேன், டவர் இல்ல. டவர் இருந்திருந்தாலும் போட்டிருப்பேனானு கேட்டீங்கன்னா, தெரியல.

சடையங்குப்பம் எதுக்கா? தண்ணி எங்க கீதோ அங்க தான டெஸ்ட் பண்ண முடியும்? ஏரி தொறந்துவுட்டு அந்தப் பக்கமெல்லாம் மார் அளவு தண்ணி. ஃபைபர் போட்டா? காசிமேட்டுல இருந்த ஃபைபரெல்லாம் மொத நாளே லாரில ஏத்தி நாலா பக்கமும் எத்துகினு பூட்டாங்க. மெயின் ரோட்டாண்ட போட்டு வந்து ஆளுங்கள எடுத்துகினு தான் இருந்தாங்க. உள்ளாற கடைசித் தெருவுக்கு இன்னும் வர்ல. வரும், வரும்னு ஜனங்க மாடில நின்னுகினு கீறாங்க.

ரோடு முடியற எடத்துல தொட்டிய தண்ணில எறக்குனேன். சார், ஒண்ணு சொல்லட்டா. நான் எத்தினியோ போட்ட தண்ணில எறக்கிக்கீறேன். பூசாரி வருவாரு, ஃபாதர் வருவாரு, பாய் வந்து துவா ஓதுவாரு, தேங்கா ஒடைப்பாங்க. இதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது தண்ணில குந்திச்சி பாருங்க, அரை அடி எறங்கி, ஜம்முனு. எனுக்கு சிரிப்பு வந்துட்சி. வண்டிக்கு தப்பான வேலைய போட்டுக்கு ஒயுங்கா செஞ்சிக்கீறேன்.

ஆனா ஓட்றதுக்கு, எப்பா. அதுக்கு மூக்கும் இல்ல, வாலும் இல்ல. மூங்கிலு வெச்சி கெயக்க தள்ளுனா மேக்க பாக்குது. ஒரு தெரு தாண்ட ஒம்போது சுத்து சுத்திச்சி. மாடில இருந்து ஒரு கெய்வரு, தம்பி, நேரா வா, எதுக்கு டான்ஸ் ஆட்றனு கத்தறாரு. அவரத் தான் மொதல்ல ஏத்துனேன். ஏத்துனேன்னா, அவரு ஏறல. மொதல்ல ஆட்ட ஏத்துனாரு. ஆடு ஏறுனா தான் நான் ஏறுவேனு. அந்த ஆடு உங்க தொட்டில நடுவுல போயி மந்திரி மாரி நின்னுகினு வந்திச்சி சார். ஒரு தபா கத்தல. அதோட கொளம்பு அடயாளம் அஞ்சாவது பலகைல ஆறு எடத்துல இருந்திச்சி. உப்புத்தாள் போட்டு எடுத்துட்டேன். இப்ப பாருங்க, எங்கயாவது தெரியுதா? ஒரு வெள்ள, ஒரு பள்ளம் கீதா?

மாட்டிகினேனா.

ஆமா. ஆட்டுக் கொளம்ப தேக்கலாம்னா நண்டயும் தேக்கலாம் தான். நீங்க வக்கீலா இருந்திருக்கணும் சார். இல்ல, பள்ளம் வுயாது. வெள்ளயும் ஆவாது. மேல ஒரு கோட்டு ஆயிலு போட்டா ஆத்தாவே வந்து பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது. கணுவும் இல்ல. கணு பொய்யி.

மிச்சத்தயும் கேட்டுடுங்க. அதுக்கப்பறம் நீங்க இன்னா சொல்றீங்களோ அப்டி.

ரெண்டாவது நடைல ராமசெல்வினு ஒரு பொம்பள, அவங்க தையல் மிஷினு. ஆள வுட மிஷினு வெயிட்டு. என் மேல வுயுந்தாலும் பரவால்ல, மிஷின் மேல தண்ணி படக் கூடாதுனு என்னயே மெரட்டுது அந்தம்மா. நான் போவ வேண்டியது கடைசித் தெரு. ஆனா வயில மாடிக்கு மாடி கூப்புடறாங்க. கூப்புட்டா ஏத்தாம எப்டிப் போறது? அப்டியே ரெண்டு நடை ஆயிடுச்சி. நெசத்த சொல்லணும்னா, கூப்ட்டது நல்லதாவும் பூட்ச்சி. கடைசித் தெருவுக்கு போவ எனுக்கு கொஞ்சம் உதறலு. தண்ணிய பாத்து இல்ல.

மூணாவது நடைல தான் போயி சேர்ந்தேன். ஆஸ்பெட்டாஸ் வூடு, உள்ள கட்டிலு முங்கிடுச்சி. பக்கத்து வூட்டு மொட்ட மாடில ஒரு பொண்ணு, அதோட புருசன், ஒரு கொயந்த. கொயந்தைக்கு நாலு வயசு, அஞ்சு நடக்குது. அந்தப் பொண்ணு என்னப் பாத்து மூஞ்சிய திருப்பிகிச்சி. ஏறாதுனு தான் நெனச்சேன். புருசன் கொயந்தய தூக்கி என் கைல குடுத்தான். அப்பால அது ஏறி, எனுக்கு முதுக காட்டி குந்திகிச்சி. அவன் ஏறல. வெயிட்டு தாங்காதுனு தண்ணிலயே எறங்கி பின்னாடி இருந்து தள்ளிகினு வந்தான். மார் அளவு தண்ணி, உள்ள இன்னா கீதுனு தெரியாது, பாம்பு கீதோ, கம்பி கீதோ. முக்கா மணி நேரம் சார். அவன் தள்ளுனதுக்கு அப்பறம் தான் அந்தத் தொட்டி நேரா போச்சி.

நான் முன்னாடி நின்னு மூங்கிலு போட்டுகினு கீறேன். பின்னாடி கர், கர்னு ஒரு சத்தம். மரத்த ஆணி கீறுனா எனுக்கு பல்லு கூசும், அந்தச் சத்தம் தூக்கத்துல கூட தெரியும். திரும்பிப் பாக்கறேன். என் போட்டு ஆணி ஒண்ணு, அர முழம் நீட்டு, மறந்து தொட்டில வுட்டுக்கீறேன். அத்த எடுத்து அந்தக் கொயந்த உங்க மூணாவது பலகைல வரஞ்சிகினு கீது. வேற யாராவதா இருந்தா கைய ஒடச்சிருப்பேன். இன்னா வரையறனு கேட்டேன். நண்டுனிச்சி. நண்டுக்கு எத்தினி காலுனு கேட்டேன். தெரியாது, நீ சொல்லுனிச்சி.

எட்டு காலு, ரெண்டு கொடுக்குனு நான் தான் சார் சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா நாலு காலோட நிறுத்தியிருக்கும். ரெண்டாவது கொடுக்கு கொஞ்சம் பெருசா பூட்ச்சினு அதுக்கு வருத்தம். ஆம்பள நண்டுக்கு ஒண்ணு பெருசா தான் இருக்கும்னேன். அப்ப இது ஆம்பளயானு கேட்டுது. அந்தப் பொண்ணு முதுகு குலுங்கிச்சி. அயுவுதுனு நெனச்சேன். இல்ல, சிரிக்குது.

கரையாண்ட வர்றப்ப தான் அந்தப் பையன் வாயத் தொறந்தான். மாமா, லெஃப்ட்ல கல்லு கீது, வலது பக்கம் வாங்கனு. அவ்ளோ தான். கரைல எறங்கி, புளியந்தோப்புல அவங்க சொந்தக்காரங்க வூட்டுக்கு பூட்டாங்க. போவசொல்ல கொயந்த மட்டும் திரும்பி, என் நண்டுனு கேட்டுது. இங்கயே இருக்கும், எங்கயும் போவாது, வந்து பாத்துக்கோனு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேன் சார். வண்டி உங்களுது, பலகை உங்களுது, நான் யாரு சொல்றதுக்கு? ஆனா வாய்ல வந்துட்சி.

டைம் பாருங்க. நாலு ஆவப் போவுதா?

இந்தாங்க, உப்புத்தாள். நூத்தி இருவது நம்பரு. நீங்களே இஸ்த்துடுங்க, அஞ்சு நிமிச வேல. நான் மாட்டேனு வம்பு பண்ணல. நாலு தபா கைல எடுத்துகினு அந்த பலகையாண்ட போயி நின்னேன். மொஹ்சின கேளுங்க. ஓட்டயக் கூட, நேர்ல போட்டா நண்டு வயித்துல எறங்கும். அதான் ரெண்டு இஞ்சி தள்ளி, கொடுக்கு பக்கத்துல போட்டேன். இப்ப அதுக்கு ஒரு வளை ஆச்சி. பாருங்க, வளைக்கு வெளிய நிக்கறாப்ல இல்ல?

அது எம் பேத்தி சார். மதினு பேரு. அன்னிக்கி தான் மொத மொத பாத்தேன். போட்டோல பாத்துக்கீறேன், எங்க வூட்டுக்காரம்மா ஹில்டா போன்ல, அவ குளிக்கப் போறப்ப எடுத்துப் பாப்பேன். அந்தப் பொண்ணு ஜானட், எம் பொண்ணு. ஆறு வருசம் முன்னாடி பகலவன ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிகினு, ரெண்டு பேரும் மாலயோட நேரா எங்க வூட்டு வாசலுக்கு வந்து நின்னாங்க. நான் அவங்க ஆளுங்கள பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டேன். அத்த இங்க சொல்ல மாட்டேன். பகலவன் மாலய கயட்டி கைல வெச்சிகினு பூட்டான். அதோட சரி. ஹில்டா மட்டும் பேசிகினு இருந்தா, எனுக்கு தெரியாதுனு நெனச்சிகினு. புயல் அடிச்ச அன்னிக்கி ராத்திரி ஜானட்டு, கட்டிலு வரிக்கும் தண்ணி வந்துட்சிம்மானு சொல்லிகினு இருக்கசொல்ல போன் கட் ஆயிடுச்சி. ஹில்டா என்ன எயுப்பல. நான் தூங்கல, அவளுக்கும் தெரியும். சுவத்த பாத்து ரெண்டு பேரும் படுத்துகினு இருந்தோம். அப்ப தான் எனுக்கு உங்க தொட்டி ஞாபகம் வந்திச்சி.

இல்ல சார், அதுக்கப்பறமும் பேசல. ஒன்ற மாசம் ஆவுது. சமாதானம்லாம் சினிமால தான் ஒரே நாள்ல ஆவும். ஆனா அந்தக் கொயந்த வுடல. நண்டு இருக்குதா, நண்டு இருக்குதானு தெனிக்கும் கேட்டுகினே கீதாம். முந்தாநேத்து ஜானட்டு ஹில்டா கிட்ட சொல்லிக்கீது. வூட்டுக்கெல்லாம் வர மாட்டேன். ஷெட்டுக்கு வர்றேன், வெள்ளிக்கெயம நாலு மணிக்கு, பாப்பாவுக்கு நண்ட காட்டிட்டு போறேன்னு. நேத்து காலைல நீங்க போன் பண்ணி, வெள்ளிக்கெயம மூணு மணிக்கு வண்டி எடுக்க வர்றேன், ரெடியா வையினு சொல்றீங்க. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க. ஆயிலு காயலனு சொல்லலாம்னு பாத்தேன், தொட்டுப் பாத்தா காஞ்சிகினு கீது.

ஹில்டா காலைலேந்து வூட்ல வஞ்சிரம் வறுத்து, கொயம்பு வெச்சிட்டு குந்திகினு கீறா. வர மாட்டேன்னு சொன்னாளே, எதுக்குடி செய்யறனு கேட்டேன். நீ உன் வேலய பாருனுட்டா.

பகலவனா? வர்றானானு தெரியல. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. அவன் என்ன மாமானு கூப்ட்டது கல்லு இருந்ததால கூட இருக்கலாம். அவசரத்துக்கு அப்டி தான வரும்.

சார். அந்த கேட்டாண்ட ஒரு ஷேர் ஆட்டோ நிக்குது பாருங்க. எனுக்கு கிட்ட கண்ணாடி தான் கீது, தூரத்துல தெரியாது. மஞ்ச கவுனு போட்டுகினு ஒண்ணு குதிக்குதா? குதிக்குது இல்ல? ஒரு பொண்ணு எறங்குதா?

அப்பால? இன்னொருத்தரா? ஆம்பளயா? நல்லாப் பாத்து சொல்லுங்க. துட்டு குடுத்துட்டு இந்தாண்ட தான் வர்றானா, இல்ல அதே ஆட்டோல ஏறி போறானா?

வர்றானா. சரி.

இன்னா சார், அந்த உப்புத்தாள பாக்கெட்ல போட்டுக்கறீங்க? வெள்ள சட்ட சார், மரத்தூள் ஒட்டும். இன்னாது? டீயா? இப்ப தான வாணாம்னீங்க. சக்கர போட்டேவா? பாருங்க, இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் கண்டெய்னரு, கணுனு இவ்ளோ பொய்யி சொல்லியிருக்க மாட்டேன் இல்ல.

டிரைவர் அண்ணே, சாவிய எடுத்துடு. இப்ப போவல. பின் டோர மட்டும் எறக்கி வுடு, கொயந்த ஏறட்டும். மொஹ்சினு, அந்த டீய மாத்தி சொல்லு. ஆறு டீ, ஒரு பாலு. பாலு ஆத்தி எடுத்துகினு வரச் சொல்லு, சூடா குடுத்துடப் போறான்.